பெட்ரோல் தின்னிகளுக்காக எல்லம்மா வேண்டிக்கொண்டது

எல்லம்மா அரைத்த மாவில் தோசை வார்த்தால் அடுப்பே வேண்டாம், தானே பற்றிக்கொள்ளும் என்று வானகரம் அடுக்குமாடி ஒன்றின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டுவிட்டார்கள். சிரித்த முகங்கள் நாற்பது விழுந்தன. அன்று மாவு வாங்க வந்தவர்கள் நாலே பேர். பன்னிரண்டு வருடமாக அந்தக் கட்டடத்துக்கே மாவு ஊற்றிய கை அது.

வதந்தியைச் சோதிக்க எல்லம்மாவே கிளம்பினாள். தூரமில்லை, கொல்லைப்புறத்து ஆழ்துளைக் கிணறுதான். மோட்டாரைப் போட்டு ஒரு வாளி பிடித்து மோந்து பார்த்தாள். பெட்ரோல் பங்க்கில் நிற்பதுபோல் இருந்தது. தண்ணீர்மேல் வானவில் வேறு. பக்கத்து பங்க்கின் நிலத்தடித் தொட்டி ஒழுகியிருந்தது.

இருந்த மாவைக் கொட்டி கிரைண்டரைக் கவிழ்த்தாள். எதிர்வீட்டுக் கமலம் தன் குழாய்த் தண்ணீரை ஒரு பச்சைக் குடத்தில் நிரப்பிக் கொடுத்தாள். "போர் சரியானதும் இதே கொடத்துல உன் தண்ணிய ரொப்பிக் குடு, போதும்."

மனுமேல் மனு போட்டபின் பவித்ரா என்ற நிலத்தடி நீர் ஆய்வாளர் வந்தார். தொட்டியை மாற்றியாகிவிட்டது, மண்ணில் ஊறிய பெட்ரோலை அங்கேயே இருக்கும் பாக்டீரியா தின்று தீர்க்கும், தெருவில் சோதனைக் குழாய்களை இறக்கி மூன்று மாதத்துக்கொரு முறை அளவெடுத்தால் போதும் என்றார்.

"அப்போ நாங்க இன்னா மேடம் செய்யணும்?" என்றார் சுகாதார மேற்பார்வையாளர் சம்பத்.

"ஒண்ணுமே செய்யக் கூடாது."

இருபது வருடமாகச் செய்துவந்த வேலைக்குச் சம்பத்துக்கு அன்றுதான் அறிவியல் அங்கீகாரம் கிடைத்தது.

தெருவே சிரித்தது. எல்லம்மா சிரிக்கவில்லை. "இன்னாத்துக்கு இளிக்கிறீங்க? கரைச்சு வெச்ச மாவு காலைல பொங்கி நிக்குதே, நீங்களா எய்ந்து ஊதினீங்க?"

காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் தினமும் வாளியை மோந்தாள். ஒன்பது மாதத்தில் நாற்றம் பாதியாக இறங்கியது.

அடுத்த அளவெடுப்புக்குப் பெரிய அதிகாரியும் வருவதாகச் செய்தி வந்தது. பெரிய அதிகாரிக்குத் தெரு செய்யும் மரியாதை ஒன்றே: பிளீச்சிங் பவுடர். சம்பத் இருபுறமும் வெள்ளைக் கோடு போட்டார். மீந்த அரை மூட்டையை வீணாக்க மனமில்லாமல் சோதனைக் குழாய்களிலும் எல்லம்மாவின் போரிலும் கொட்டினார். எல்லம்மா அப்போது திருவேற்காடு கோயிலில் இருந்தாள். வேண்டுதல் அந்தப் பெட்ரோல் தின்னிகளுக்காகத்தான்.

அதிகாரி வந்தார், வெள்ளைக் கோட்டைப் பாராட்டினார், போனார். பவித்ரா குழாயின் மூடியைத் திறந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சுத்தமா இருக்கட்டுமேன்னுதான் மேடம். கிருமி செத்துடும்ல?"

"செத்துடுச்சு சார்."

"யோவ் சம்பத்து!" என்றாள் எல்லம்மா. "மாவுச் சட்டில எவனாவது பிளீச்சிங் போடுவானா? துன்னுகினு இருந்ததுங்க எலைல வெசத்த வெச்சிட்டியே!"

மண்ணுக்குள் தள்ளி இருப்பவை பிழைத்திருக்கும், திரும்பி வரும் என்றார் பவித்ரா. எப்போது என்று சொல்லவில்லை. அளவெடுப்பு மறுபடி முதலிலிருந்து. சம்பத்துக்குத் தூய்மைக்கான பாராட்டுச் சான்றிதழ் வந்தது.

எல்லம்மா பச்சைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்தாள்.

கமலத்துக்கு முகமெல்லாம் பல். "இன்னாடி, ரொப்பிகினு வந்துகீறியா?"

"இல்லக்கா. ரொப்பிகினு போக வந்துகீறேன்."