ரிஜெக்ட் தாளின் பின்பக்கம்

கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்பு ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கூடவே தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். வார்ப்புப் பாகத்தின் போட்டோவைப் பார்த்து விரிசலைக் கண்டுபிடிக்கும் புரோகிராம்தான் என் புராஜெக்ட்.

ஆலைக்குள் செல்போனை விடமாட்டார்கள். அதனால் டீ இடைவேளையில், தேறாத பாகங்களைப் பற்றி எழுதி, பிறகு குப்பைக்குப் போகும் பழைய ரிஜெக்ட் ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கத்தில் புரோகிராமைக் கையால் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி பிரவுசிங் சென்டரில் டைப் செய்து பென் டிரைவில் ஏற்றுவேன். வேறு காப்பி எடுத்ததே இல்லை.

புராஜெக்ட் வைவாவுக்கு முந்தின நாள், யூனிஃபார்ம் பையிலிருந்த பென் டிரைவ் வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டது. பிறகு எந்தக் கம்ப்யூட்டரிலும் அது திறக்கவில்லை. மறுபடி டைப் செய்ய நேரமும் இல்லை. துணியைப் போட்டவர் என் வீட்டுக்காரர். அழுதுகொண்டிருந்த என்னிடம், "அந்தத் தாளுங்க ஊட்ல அப்படியேதான கீது? எடுத்துக்கினு போ" என்றார்.

மறுநாள் அந்தத் தாள்கட்டோடு போனேன். தேர்வாளர் மேடம் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் விரிசல் விட்ட பாகத்தின் அளவுகள், மறுபக்கம் அடித்துத் திருத்திய என் வரிகள்.

"காலையிலேருந்து கடையில வாங்கின புராஜெக்டாவே பாத்துக்கிட்டு இருக்கேன். இது நீங்க எழுதினதான்னு கேக்கவே வேணாம்" என்றார்.

புரோகிராமின் முக்கியப் பகுதியை, தாளைப் பார்க்காமலே போர்டில் எழுதி விளக்கினேன். முதல் வகுப்பு கிடைத்தது.

இப்போது எதையும் மூன்று இடத்தில் சேமிக்கிறேன். துவைக்கும் முன் பைகளை நானே துழாவுகிறேன். பட்டச் சான்றிதழ் பீரோவில் இருக்கிறது, அந்தத் தாள்கட்டுக்கு அடியில்.