மூன்றாவது தூணருகே கடுகு

கடுகைத் தெளிக்கச் சொன்னது என் மனைவி. தெளித்தது நான். அதனால் பழியை முழுசாக அவள் தலையில் போட முடியவில்லை. அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பொம்மை ரயில் பைத்தியம் பிடித்தது எனக்கு. பொம்மை என்று நான் சொல்லலாம். வேறு யாராவது சொன்னால் கோபம் வரும். மந்தைவெளியிலிருந்து பசுமைவழிச் சாலை வரை கால்வாயோரமாகத் தூண்கள் மேல் பறக்கும் ரயில் போகிறதே, அந்தத் துண்டை ஒரு கதவு அகலப் பலகையில் செய்துகொண்டிருந்தேன். தூசி பறக்கும் என்று அந்த அறைக்குள் யாரையும் பெருக்கக்கூட விடவில்லை. தண்டவாளமும் மின் இணைப்பும் இரண்டே மாதத்தில் முடிந்தன. சுற்றுப்புறம்தான் உயிரை வாங்கியது. அந்தப் பக்கத்தில் வாழ்ந்த ஒருவர், ஒரே ஒருவர், பார்த்ததும் “அட, இது நம்ம இடமாச்சே” என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எங்கே? இணையத்தில் வரவழைத்த மரங்கள் பைன் மரங்களாக வந்து நின்றன. மயிலாப்பூரில் எவன் பைன் மரத்தைக் கண்டான்? பசையை ஊற்றிச் செய்த கால்வாய்த் தண்ணீர் புரட்டாசிப் புழுக்கத்தில் காயவே மாட்டேன் என்றது; விரலை வைத்தால் விரலோடு வந்தது. மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “சுவிட்சர்லாந்தா மாமா?” என்றார். அவருக்குக் காபி வேண்டாம் என்று உள்ளே ஜாடை காட்டிவிட்டேன்.

நவராத்திரி வந்தது. கொலுப் படிக்குப் பக்கத்தில் வழக்கமாகப் போடும் பார்க்குக்குப் பதில் இதையே வைக்கலாம் என்றாள் மனைவி. கால்வாய்க் கரை மட்டும் மொட்டையாகக் கிடந்தது.

“கடுகைத் தெளிங்கோன்னா. மூணே நாள்ல பச்சைப்பசேல்னு ஆயிடும். எங்காத்து பார்க்குல எப்பவும் அதானே?”

“கரையில குடிசையெல்லாம் இருந்ததே?” என்று நானே கேட்டேன். “கொலுவுல அதெல்லாம் எதுக்கு, புல்லே அழகா இருக்கும்” என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சொன்னபடியே அழகாக இருந்தது. ஐந்தாம் நாள் கடுகு பாதித் தூணுக்கு வந்துவிட்டது. ஏழாம் நாள் தண்டவாளத்துக்கு மேலே எட்டிப் பார்த்தது. தினமும் தெளித்த தண்ணீரில் பலகை உப்பி, ரயில் மூன்றாவது தூணுக்கு வந்ததும் சக்கரத்தில் தண்டு சிக்கி நின்றது. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்த பெண்கள் எல்லாரும், “அச்சச்சோ, நின்னுடுத்தே!” என்றார்கள். ஆமாம், நின்றுவிட்டது, எனக்கும் கண் இருக்கிறது.

வெட்டிவிடுகிறேன் என்றால், வைத்த கொலுவை நடுவில் கலைக்கக் கூடாதாம். ஒன்பதாம் நாள், என்ன ஆனாலும் சரி என்று கிளம்பினால் கத்தரிக்கோலைக் காணோம். அன்று சரஸ்வதி பூஜை. கத்தரிக்கோல், ஸ்க்ரூடிரைவர், குறடு என்று என் சாமான் அத்தனையும் புத்தக அடுக்கின் மேல் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன.

“நாளைக்குப் புனர்பூஜை ஆகட்டும். புல்லு எங்கயும் ஓடிப்போயிடாது” என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

விஜயதசமி காலை. பூஜை முடிந்ததும் குங்குமம்கூடத் துடைக்காமல் கத்தரிக்கோலோடு கொலுவுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தேன். தன் மகளின் பிரசவத்துக்காகப் பத்து நாள் லீவில் போயிருந்த எங்கள் வீட்டு வேலைக்கார அம்மா, வாளியும் துணியுமாகத் தரை துடைக்க வந்தார். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். பலகையைப் பார்த்ததும் நின்றார்.

“இன்னா சார், எங்க மந்தவெளி மாதிரியே கீது?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எப்படிம்மா கண்டுபிடிச்சே?”

“இந்தப் புல்லுதான். எங்களக் காலி பண்ணி பெரும்பாக்கத்துல தள்ளனப்புறம் அங்க இப்டித்தான் வளந்துகினு கீது, தூணு ஒசரத்துக்கு.” ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கடுகுக்குள் விரலை விட்டு விலக்கினார். “இந்தா, மூணாவது தூணு. இங்கதான் எங்க ஊடு. ரயிலு போச்சுன்னா பாத்திரமெல்லாம் கடகடன்னு ஆடும்.”

பன்னிரண்டு வருஷமாக எங்கள் வீட்டுக்கு வருகிறார். முன்பெல்லாம் ஆறு மணிக்கே வந்துவிடுவார். இப்போது ஒன்பது ஆகிறதே என்று எத்தனை நாள் முணுமுணுத்திருக்கிறேன்! ஏன் அவ்வளவு தூரத்துக்குக் குடிபோனார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ரொம்ப வெட்கமாக இருந்தது.

அவர் விரலை எடுத்தார். கடுகு நிமிர்ந்து அந்த இடத்தை மூடிக்கொண்டது.

“ஊடுதான் வெக்கல போல” என்றார். குறை சொல்லும் குரலே இல்லை.

“வச்சுடறேம்மா. எப்படி இருந்ததுன்னு சொல்லு, இன்னிக்கே வச்சுடறேன்.”

“வேணா சார். புல்லே இருக்கட்டும்.” துணியைப் பிழிந்தார். “கொஞ்சம் காலத் தூக்கு சார், தொடைக்கணும்.”

காலைத் தூக்கிக்கொண்டேன்.