அக்காவின் பர்தாவை ஒளித்த காலை

எட்டு வயதில் என் அக்காவுக்கு விடுதலை வாங்கிக் கொடுக்கப் புறப்பட்டவள் நான். யாரும் சொல்லி அனுப்பவில்லை, நானாகவேதான்.

பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு அம்மாதான் அதைத் தொடங்கிவைத்தார். பர்தா போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்த அக்காவைப் பார்த்து, அதுக்குள்ள மூச்சு முட்டாதா, பாவம், என்று என் கன்னத்தைத் தடவினார். பிறகு செல்போனில் பறவைகளைப் படமெடுக்கப் போய்விட்டார். அன்று முதல் எனக்கு ஒரே கனவு. அக்கா ஏரித் தண்ணீரின் மேலேயே நடந்து போவாள். முடியெல்லாம் காற்றில் பறக்கும். பூநாரைகள் ஒதுங்கி வழிவிடும். விழித்த பிறகும் வெகுநேரம் அந்தக் காற்று என் மேல் பட்டுக்கொண்டிருக்கும்.

பர்தா இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது என்ற ஒரே நிபந்தனையில்தான் அக்காவைப் பொன்னேரிக் கல்லூரிக்கு அனுப்பினார் அத்தா. ஒரு பாடத்தில் தவறினாலும் படிப்பு அத்தோடு சரி என்றும் சொல்லியிருந்தார். அக்காவிடம் இருந்தது ஒரே பர்தா. வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றிக் கொடியில் வீசிவிட்டு, அப்பாடா என்று விசிறிக்கொள்வாள். ஆனால் பஸ்ஸில் முகத்திரைக்குள்ளேயே பாடத்தை முணுமுணுத்து ஒப்பிப்பதையும், அது ஒருத்தருக்கும் தெரியாததையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு நாள் மட்டும் அவள் மேல் காற்று படட்டும் என்று நினைத்தேன். விடியற்காலையில் பர்தாவைச் சுருட்டிக்கொண்டு போய், துறையில் கிடந்த ஒரு படகில் வலைக்கு அடியில் செருகிவிட்டு வந்தேன். அன்று அக்காவுக்குக் கடைசிப் பரீட்சை. தெரியும். பரீட்சை எழுதப் பேனா போதாதா என்ன?

வீடே தலைகீழானது. அக்கா அழுவதைப் பொறுக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டுத் துறைக்கு ஓடினால், படகு இறால் பிடிக்க ஏரிக்குள் போயிருந்தது. அம்மா, தான் போர்த்திக்கொண்டு போகும் வெள்ளைத் துப்பட்டியை அக்காவின் மேல் போட்டு அனுப்பினாள். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த பஸ்ஸில் போனவளைப் பரீட்சை அறைக்குள் விடவில்லை. அத்தா சொன்னது சொன்னதுதான். படிப்பு நின்றது.

மதியம் கோட்டைக்குப்பத்துப் படகுக்காரர் பர்தாவைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரே இறால் நாற்றம். கொல்லையில் உட்கார்ந்து அக்கா அதைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அடி விழும் என்று தயாராக நின்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“போட்டுக்கோனு சொன்ன அத்தாவும் என்னைக் கேக்கல. கழட்ட வந்த நீயும் கேக்கல.”

சத்தியமாக அன்று எனக்கு விளங்கியது ஒன்றுதான். அடுத்த தடவை ஒளித்துவைப்பதற்கு முன்னால் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.