நீலச் சட்டைக்காரனின் அம்மா

“...அந்தப் பய வெக்கப்படணும் தாயி, அப்பத்தான் நமக்குச் சிரிப்பு வரும். ஆனா பெத்தவளைப் பார்த்து வெக்கப்பட்டான்னா, படம் முடியுறதுக்குள்ள அதை நினைச்சும் அவன் வெக்கப்படணும். இல்லேன்னா அது என்ன படம்?”

இடைவேளையில் என்னிடம் முறுக்கை நீட்டியபடி பக்கத்து சீட் அம்மா சொன்னார். சிவகாசித் தியேட்டரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடப் பையன்களைப் பற்றிய சிரிப்புப் படம். தேடிவந்த தன் அம்மாவை, ‘எங்க வீட்டு வேலைக்காரி’ என்று கதாநாயகன் நண்பர்களிடம் சொன்ன இடத்தில் தியேட்டரே அதிர்ந்தது. அந்த அம்மாவும் சிரித்தார். நான் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.

ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பேசும்போதெல்லாம் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார். முறுக்கை நீட்டியபோதுதான் பார்த்தேன், நகக்கண்ணெல்லாம் பட்டாசு மருந்து வெள்ளியாய் அப்பியிருந்தது.

“எம்புட்டுத் தேய்ச்சாலும் போகாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் வராதேன்னுட்டான் என் மகன்” என்றார். “அவனும் இங்கனதான் இருக்கான். அந்தா, முன்னால, சேக்காளிகளோட, நீலச் சட்டை. படத்துல உள்ள பய முடியுறதுக்குள்ள திருந்திருவான். இவன் இன்னும் இடைவேளையிலயே நிக்கான் தாயி.”

நான் சிரித்த சிரிப்பு எனக்கே கூசியது.

கடைசியில் கதாநாயகன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். தியேட்டரில் ஒருவரும் சிரிக்கவில்லை. வெளியே வந்தோம். வாசலில் நண்பர்களோடு நின்ற நீலச் சட்டைக்காரன், எங்களைப் பார்த்ததும் அம்மாவை நோக்கி ஓரடி எடுத்து வைத்தான்.

அந்த அம்மா அதைக் கவனிக்கவில்லை. கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, யாரோ போல அவனைக் கடந்து போனார்.