தனம் அக்காவும் ‘வாயாங்’ என்ற சொல்லும்

அலோர் காஜா பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது தனம் அக்காவின் தங்கை கைப்பேசியில் அழைத்தார். “அக்கா போயிட்டாங்க தம்பி” என்றார். மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்ததை வீடு சேர்ந்த பிறகுதான் கவனித்தேன்.

நானும் அக்காவும் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர்கள். சாட்சி தமிழில் சொல்வதை மலாயில் சொல்ல வேண்டும். எனக்குத் தூய தமிழ்ப் பைத்தியம் கொஞ்சம் உண்டு. ‘ஆப்பரா போன்ற’ என்பதற்கு ‘இசைநாடகப் பாங்கான’ என்று ஒருமுறை சொல் கட்டிக் காட்டினேன். “இத யாரு பேசுவா லா? வாயாங்னு சொன்னா முடிஞ்சுது” என்று சிரித்தார். வாயாங் என்றால் மலாயில் கூத்து.

அந்த வாயாங்தான் பிறகு அவரைப் படுத்தியது. மெர்லிமாவ் பக்கத்துப் பெண் ஒருவர், அடிக்கும் கணவரிடமிருந்து பாதுகாப்பு ஆணை கேட்டு வந்திருந்தார். அடி விழுந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். “வாயாங் மாதிரி கத்துனேன்யா” என்றார். எங்கள் பேச்சில் வாயாங் காட்டுவது என்றால் பாசாங்கு. ‘நடிப்புக்காகக் கத்தினேன்’ என்று அக்கா மலாயில் சொல்லிவிட்டார். கணவரின் வழக்கறிஞருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

இடைவேளையில் அக்கா தேநீரைத் தொடவில்லை. “அந்தப் பக்கம் சீனக் கோயில் திருவிழால நடக்கிற கூத்தும் வாயாங்தானே தம்பி? தொண்ட கிழியப் பாடுவாங்களே.”

“விடுங்கக்கா, பதிவுல ஏறிடுச்சு” என்றேன்.

“ஏத்துனது நான். நான்தான் இறக்கணும்.”

மறுபடி நீதிமன்றம் கூடியதும் எழுந்து, தம் மொழிபெயர்ப்பு தவறாக இருக்கலாம் என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். அனுமதி வாங்கி அந்தப் பெண்ணிடம், “நீங்க என்ன அர்த்தத்துல சொன்னீங்கம்மா?” என்று கேட்டார்.

“கோயில் வாயாங்ல பாடுவாங்கள்ல, அந்த மாதிரி. நாலு வீட்டுக்குக் கேக்கட்டும்னுதான் கத்துனேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கேட்டுட்டு ஓடியாந்தாங்க.”

ஆணை கிடைத்தது. அக்காவுக்கு மேலதிகாரியிடம் திட்டும் கிடைத்தது. “தப்பு என்னுதுதானே” என்றபடி வந்து உட்கார்ந்தார். ‘விடுங்க’ என்று சொன்ன எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அக்கா போன அன்று, பாயா ரும்புட்டில் அவர் வீட்டில், தங்கை வாய்விட்டு அலறிக்கொண்டிருந்தார். என் பின்னால் நின்ற உறவினர் ஒருவர், “வாயாங் லா” என்று முணுமுணுத்தார்.

திரும்பினேன். “நீங்க என்ன அர்த்தத்துல சொல்றீங்க?”

அவர் வாசல் பக்கம் நகர்ந்தார். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். அதைக் கேட்டு முடித்ததும் நானும் அழுதேன், நாலு வீட்டுக்குக் கேட்கும்படி.