பன்றி கொண்டுபோன காது

தர்மபுரி தனி மாவட்டமாகி ஐந்தாறு வருஷம் இருக்கும். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் கடைசித் தெருவில் நாங்கள் பன்றி வளர்த்தோம். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், மாமியார் மூன்றே பேர். எனக்கு வயிற்றில் ஆறு மாதம், தலைப்பிள்ளை.

அந்த மார்கழியில் நன்றாகக் கொழுத்திருந்த பன்றி ஒன்று தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டம் சுற்றியது. மறுநாள் படுத்தபடியே காலை உதைத்தது. செத்தால் குழியில்தான் தள்ள வேண்டும். உயிர் இருக்கும்போதே அறுத்துவிட்டால் கறி. எங்கள் தெருவில் இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

"சாவறதுக்குள்ள அறுத்துப்புடலாம்" என்றார் வீட்டுக்காரர். அறுத்துத் தெருவுக்கே கூறு போட்டோம். தலையும் குடலும் எங்களுக்கு. கழுவ நான் உட்கார்ந்தேன். முந்தின நாள் ராகி அறுக்கும்போது கட்டைவிரலில் அரிவாள் பட்டிருந்தது.

"காயத்தோட கழுவாதடி, சீழு வெக்கும்" என்றார் மாமியார்.

"அப்ப நீங்க வந்து கழுவறீங்களா அத்தே?" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்ற பழமொழியை என்னை வைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். வேகவைத்துத் தின்ற தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுவின எனக்குத்தான் வந்தது.

மூன்றாம் நாள் காய்ச்சல். கழுத்து விறைத்துக்கொண்டது. மண்டையில் உலக்கை போட்டு இடிப்பது போல வலி, காதுக்குள் ஓயாத இரைச்சல். பஸ்ஸில் ஏற்றி தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எத்தனை நாள் நினைவில்லாமல் கிடந்தேனோ, பென்சிலின் ஊசி போட்டு உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். வயிற்றில் இருந்ததும் தங்கியது. கண் விழித்தபோது வீட்டுக்காரர் குனிந்து வாயை அசைத்தார். "சத்தமா பேசுங்களேன்!" என்று எரிந்து விழுந்தேன். அப்படிச் சொன்ன என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

காரணம் அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. பல வருஷம் கழித்து ஓர் இளம் டாக்டர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். நான் ஐந்தாவது வரை படித்தவள். பன்றியின் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கிற கிருமியாம். கைக்காயம் வழியாக ரத்தத்தில் ஏறி மூளையின் உறையைத் தாக்குமாம், பிழைத்தாலும் காதைக் கெடுத்துவிடுமாம். படித்துவிட்டு அவர் மேல்தான் கோபப்பட்டேன். இனிமேல் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

ஊருக்குத் திரும்பியதும் மாமியார் என் வயிற்றைத் தொட்டு, காதைத் தொட்டு, விரல்களை மலர்த்திக் காட்டினார். பிள்ளை பிறந்தால் காது திறந்துவிடுமாம். நான் நம்பினேன். அந்த மூன்று மாதமும் அந்த ஒரு நம்பிக்கையில்தான் சோறு இறங்கியது. கிணற்றடியில் பெண்கள் சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று சண்டைக்குப் போவேன். ஒவ்வொருவராக என்னைவிட்டு விலகினார்கள். செவிடி என்றால்கூடப் பொறுத்திருப்பேன், அந்த இரக்கப் பார்வையைத்தான் பொறுக்க முடியவில்லை. அப்படி ஒரு தனிமையை எதிரிக்கும் நினைக்க மாட்டேன்.

மகள் பிறந்தாள். முகம் சிவந்து, வாய் அகலத் திறந்து, நாக்கு துடித்தது. நன்றாக அழுகிறாள் என்பதுபோல் மாமியார் சிரித்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில்கூட அழாதவள் அன்றைக்கு அழுதேன்.

வீட்டுக்காரரும் மாமியாரும் காட்டு வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் அவளும்தான். அடுப்பில் இருந்தாலும் நிமிஷத்துக்கொரு தரம் திரும்பிப் பார்ப்பேன். பார்க்காத நேரத்தில் எவ்வளவு அழுதாளோ, யார் கண்டது.

நடை பழகிய பிறகு ஒருநாள் வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். ராகி புடைத்துக்கொண்டிருந்த எனக்கு ஓரக்கண்ணில் தெரிந்தது. உதடு கிழிந்து ரத்தம். வாயைத் திறக்கவில்லை. நான் முறத்தைக் கீழே வைப்பதற்குள் எழுந்து, தள்ளாடி வந்து, என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்த பிறகுதான் அழத் தொடங்கினாள்.