புத்தூர்க்காரியின் குரல்

வலுதூக்கும் போட்டி நெருங்கிய கிழமைகளில், கொழும்புத்துறை ஜிம்மில் நான் தோளில் பாரத்தோடு குந்தி எழும்பும்போதெல்லாம் அந்தப் புத்தூர்க்காரி பக்கத்தில் வந்து நிற்பாள். அவளும் என் எடைப் பிரிவுதான்.

"நீர் இன்னும் இறங்கேல்லை. இடுப்பு முழங்காலுக்குக் கீழை போகோணும். பாரத்தைக் குறைச்சுப் பழகும்."

நான் குறைத்தால் யாருக்கு லாபம்? எரிச்சலில் இன்னும் கூட்டினேன். தோழிகள் கைதட்டினார்கள்.

போட்டியில் என் முதல் இரண்டு முயற்சிகளையும் நடுவர்கள் ஏற்கவில்லை. இடுப்பு இறங்கவில்லையாம். மூன்றாவதும் பிழையானால் நான் வெளியே, முதலிடம் அவளுக்கு.

மறுபடி குந்தினேன். ஓரத்திலிருந்து அவள் குரல்தான் கேட்டது.

"இன்னும்... இன்னும்... இறங்கினது காணும், எழும்பும்!"

எழுந்தேன். முயற்சி செல்லும் என்று நடுவர்களின் வெள்ளை விளக்குகள் எரிந்தன.

அப்போதும் என் மனம், இதில் அவளுக்கென்ன லாபம் என்றுதான் தேடியது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.